பிடி, வளர், பழகு, கல, வேலை வாங்கு: போக்கிமானும் அதன் போட்டியாளர்களும்

2024 ஜனவரி 19 அன்று பால்வேர்ல்ட் என்ற வீடியோ கேம் வெளியானபோது, அதன் படங்களைப் பார்த்தவர்களின் வாயில் வந்த முதல் வார்த்தை, பிராணிகளைப் பிடித்துச் சண்டை போட வைக்கும் ஜப்பானிய கேம் தொடரான போக்கிமான்தான். தீ கக்கும் நரிக்குட்டி, பஞ்சுப் பொதிபோல உருளும் செம்மறியாடு, மின்சாரம் பாய்ச்சும் பூனை, இவற்றைப் பிடிக்க ஓர் உருண்டை. எட்டு மாதம் கழித்து, செப்டம்பர் 18 அன்று, போக்கிமானை வெளியிடும் நிண்டெண்டோவும் போக்கிமான் கம்பெனியும் சேர்ந்து பால்வேர்ல்டைத் தயாரித்த பாக்கெட்பேர் நிறுவனத்தின் மீது டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. எதிர்பார்த்ததுதான் என்றார்கள் பலர். விவரம் தெரிந்ததும் குழம்பிப்போனார்கள். பிராணிகளின் சாயலைத் திருடியதற்கான வழக்கே அல்ல அது. வெட்டவெளியில் நிற்கும் பிராணியைக் குறிபார்த்து உருண்டையை எறிந்து பிடிப்பது, சவாரி செய்யும் பிராணியைச் சட்டென்று மாற்றிக்கொள்வது போன்ற செயல்முறைகளுக்குத் தாங்கள் வைத்திருக்கும் காப்புரிமைகளை மீறிவிட்டார்கள் என்பதே குற்றச்சாட்டு.

முகத்தை விட்டுவிட்டுக் கைவீச்சுக்கா வழக்கு? வேடிக்கையாகத்தான் தோன்றும். ஆனால் இந்த வகை கேம்களை நெருங்கிப் பார்த்தால், வழக்கறிஞர்கள் கைவைத்திருப்பது சரியான இடம்தான் என்பது விளங்கும். பிராணியின் அழகு ஆட்டக்காரரை ஒரு வாரம் கட்டிவைக்கும். அது அவர் கைக்கு எந்த வழியில் வந்து சேர்கிறது என்பதுதான் முப்பது வருடம் கட்டிவைக்கிறது. அந்த வழியை ஒவ்வொரு தொடரிலும் ஒரே வினைச்சொல்லில் சொல்லிவிடலாம். போக்கிமானும் அதன் போட்டியாளர்களும் எங்கே பிரிகிறார்கள் என்று பார்க்க அந்த வினைச்சொற்களைப் பின்தொடர்வதுதான் சுருக்கமான வழி.

இந்த வகை கேம் என்றால் என்ன?

மான்ஸ்டர் சேகரிப்பு கேம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். மான்ஸ்டர் என்றதும் அரக்கனை நினைக்க வேண்டாம். பூச்சி, பறவை, பேய், இயந்திரம், தெய்வம் எதுவாகவும் இருக்கலாம். நான்கு கூறுகள் சேர்ந்தால் அது இந்த வகை:

1. கதாநாயகனுக்குப் பதிலாகவோ அவனுக்குத் துணையாகவோ பிராணிகள் சண்டை போடும்.

2. எதிரியே கூட்டாளியாக மாற முடியும். மற்ற கேம்களில் எதிரியை வீழ்த்தினால் புள்ளியும் பொற்காசும் கிடைக்கும். இங்கே எதிரிதான் பரிசு.

3. பிராணி வளரும், உருமாறும். கேம்கள் இதைப் பரிணாமம் என்கின்றன. உயிரியல் ஆசிரியர் கேட்டால் காதைத் திருகுவார். ஒரே உயிர் தன் ஆயுளுக்குள் புழுவிலிருந்து வண்ணத்துப்பூச்சியாக மாறுவது உருமாற்றம். பரிணாமத்துக்குத் தலைமுறைகள் வேண்டும். இந்தக் கட்டுரையில் உருமாற்றம் என்றே எழுதுகிறேன்.

4. பலத்தையும் பலவீனத்தையும் தீர்மானிக்க ஒரு சக்கரம் இருக்கும். நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு புல்லை எரிக்கும், புல் நீரை உறிஞ்சும்.

இந்த நான்கில் உயிர்நாடி இரண்டாவது. புதருக்குள் சலசலப்பு கேட்டால் ஆபத்து என்று ஓடாமல், என்னவாக இருக்கும் என்று எட்டிப்பார்க்க வைப்பது அதுதான்.

இதைக் கண்டுபிடித்தது போக்கிமான் என்று நினைப்பவர்கள் அதிகம். அது சரியல்ல. 1987-ல் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்கு அட்லஸ் நிறுவனம் உருவாக்கிய மெகாமி டென்செய் கேமிலேயே எதிரில் வரும் பேய்களோடு பேசித் தன் பக்கம் இழுக்க முடிந்தது. 1992-ல் வந்த டிராகன் குவெஸ்ட் ஐந்தாம் பாகத்தில், தோற்ற மான்ஸ்டர் எழுந்து நின்று உங்களோடு வரட்டுமா என்று கேட்டது. போக்கிமான் வந்தது 1996-ல்.

பிடி: போக்கிமான்

போக்கிமானை உருவாக்கிய சதோஷி தாஜிரி, டோக்கியோவை ஒட்டிய மாச்சிதாவில் வளர்ந்தவர். குட்டையிலும் வயலிலும் பூச்சி பிடித்துத் திரிந்த சிறுவன். அவர் வளர வளர அந்தக் குட்டைகள் மூடப்பட்டுக் கட்டடங்கள் எழும்பின. நம்மூரில் பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் அடைத்து, கொடுக்காப்புளி இலையைக் கிள்ளிப் போட்டு, மறுநாள் பள்ளிக்கூடத்தில் காட்டிய தலைமுறைக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டியதில்லை. பிடிப்பதில் பாதி மகிழ்ச்சி; இன்னொருவனிடம் காட்டுவதிலும் மாற்றிக்கொள்வதிலும் மீதிப் பாதி.

அந்த மீதிப் பாதியைக் கேமுக்குள் கொண்டுவந்ததுதான் தாஜிரியின் சாதனை. நிண்டெண்டோவின் கேம் பாய் கருவிகள் இரண்டை இணைக்க ஒரு கம்பி இருந்தது. மற்றவர்கள் அதைப் போட்டி போடப் பயன்படுத்தினார்கள். அந்தக் கம்பிக்குள் ஒரு பூச்சி ஊர்ந்து அடுத்த கருவிக்குப் போவதாக அவர் கற்பனை செய்தார். ஏறக்குறைய ஆறு வருட உழைப்புக்குப் பிறகு, 1996 பிப்ரவரி 27 அன்று, சிவப்பு, பச்சை என இரண்டு பதிப்புகளாகப் போக்கிமான் ஜப்பானில் வெளியானது.

ஏன் இரண்டு? சிவப்புப் பதிப்பில் ஏகன்ஸ் என்ற பாம்பு கிடைக்கும், சாண்ட்ஷ்ரூ என்ற பிராணி கிடைக்காது. பச்சையில் நேர்மாறு. இப்படிச் சில பிராணிகளை ஒவ்வொரு பதிப்பிலும் வேண்டுமென்றே ஒளித்து வைத்தார்கள். இன்னும் ஒரு படி மேலே போய், கடாப்ரா என்ற பிராணி அலகசாமாகவும், ஹாண்டர் என்பது கெங்காராகவும் உருமாற வேண்டுமென்றால் அதை இன்னொருவர் கருவிக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்றும் விதித்தார்கள். எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் தனியாக உட்கார்ந்து பட்டியலை நிரப்ப முடியாது. ஒரு பதிப்பை வாங்கியவன் மற்றதை வாங்கியவனைத் தேடிப்போக வேண்டும். விற்பனைத் தந்திரம் என்று இதைக் குறை சொல்லலாம், சொல்வதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூட மைதானத்தைக் கேமின் ஒரு பாகமாக்கிய தந்திரம் அது.

பிடிக்கும் நிமிடத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். எதிரியை அடித்துப் பலவீனப்படுத்த வேண்டும், ஆனால் மயக்கம் போட வைத்துவிடக் கூடாது. மயங்கியதைப் பிடிக்க முடியாது. உயிர்க்கோடு சிவப்பாகும்வரை அடித்துவிட்டு உருண்டையை எறிகிறீர்கள். பிராணி உள்ளே போகிறது. உருண்டை ஒருமுறை ஆடுகிறது, இன்னொரு முறை, மூன்றாவது முறை. பிறகு ஒரு சிறு சொடுக்கு ஒலி, அகப்பட்டது. அல்லது உருண்டை வெடித்துத் திறக்கிறது. திரைக்குப் பின்னால் நடப்பது வெறும் கணக்கு. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு எண் உண்டு. கேட்டர்பி என்ற புழுவுக்கு 255, ஆற்றல் மிகுந்த மியூடூவுக்கு 3. எண் குறையக் குறையப் பிடிப்பது கடினம். அந்தச் சில நொடிகளில் பொத்தானை அழுத்திப் பிடித்தால் கிடைத்துவிடும் என்று உலகம் முழுக்கக் குழந்தைகள் நம்பினார்கள். அழுத்துவதால் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் அழுத்தினார்கள். தூண்டிலில் மிதவை அமிழும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறோமே, அதே கதை.

இதற்கு மேல் மர்மம் ஒன்றும் சேர்ந்தது. கேம் முடியும் தறுவாயில், பிழை தேடும் கருவிகளை நீக்கியதால் மிஞ்சிய சுமார் 300 பைட் இடத்தில் நிரலாளர் ஷிகெகி மோரிமோட்டோ மியூ என்ற 151-வது பிராணியைச் செருகினார். சாதாரணமாக ஆடினால் அது கிடைக்காது. வதந்தி பரவியது. கொரோகொரோ என்ற சிறுவர் இதழ் 20 பேருக்கு மியூவைத் தருவதாக அறிவித்தபோது சுமார் 78,000 விண்ணப்பங்கள் வந்தன.

முதல் கேமில் 151 ஆக இருந்த எண்ணிக்கை இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பிடித்ததை வைத்துக்கொள்ளலாம் என்பதே இந்த வினையின் வாக்குறுதி. அதைப் போக்கிமான் நீண்ட காலம் அசாதாரணமாகக் காப்பாற்றியது. 2002-ல் கேம் பாய் அட்வான்ஸில் பிடித்த ஒன்றை டிஎஸ் கருவிக்கும், அங்கிருந்து 3டிஎஸ் கருவிக்கும், அங்கிருந்து ஹோம் என்ற சேவை வழியாக ஸ்விட்சுக்கும் ஏற்றிக்கொண்டே வரலாம். வழியில் ஒரு கருவி குறைந்தாலும் சங்கிலி அறுந்துவிடும். ஆனால் வழி இருந்தது. அதனால்தான் 2019-ல் ஸ்வோர்ட், ஷீல்ட் பதிப்புகளில் எல்லாப் போக்கிமான்களும் இருக்கமாட்டா என்று அறிவித்தபோது ரசிகர்கள் அப்படிக் கொந்தளித்தார்கள். வெளியாரின் கண்ணுக்கு அது சின்னப்பிள்ளைத்தனம். நூற்றுக்கணக்கான புதிய, பழைய பிராணிகள் இருக்கும்போது சில இல்லாவிட்டால் என்ன? பதினேழு வருடமாகப் பெட்டியில் வைத்துக் காத்த ஒன்றை வாசலில் நிறுத்தி, உனக்கு அனுமதி இல்லை என்று சொன்னால் என்ன என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

இதில் ஒரு பலவீனமும் உண்டு. பிடித்தவற்றில் ஆறுதான் உங்களோடு நடக்கும். மீதி எல்லாம் கணினிப் பெட்டிக்குள். இருபதாவது புறாவைப் பிடித்தவருக்கு அந்தப் புறா யாரென்றே தெரியாது. போக்கிமானின் உறவு அகலமானது, ஆழம் குறைவு. போட்டியாளர்கள் புகுந்த சந்து இதுதான்.

வளர்: டிஜிமான்

பெயர் ஒலியை வைத்து, போக்கிமானைப் பார்த்துச் செய்த நகல் டிஜிமான் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அதன் வம்சாவளி வேறு. 1996 நவம்பரில் பண்டாய் நிறுவனம் விற்ற டமகோச்சி என்ற முட்டை வடிவப் பொம்மை, திரைக்குள் ஒரு குஞ்சை வளர்க்கச் சொன்னது. அது பெரும்பாலும் சிறுமிகளிடம் போனதால், சிறுவர்களுக்காக 1997 ஜூனில் வந்ததுதான் டிஜிமான். செங்கல் கூண்டு போன்ற சிறு கருவி, மூன்று பொத்தான்கள் மட்டும். இரண்டு கருவிகளின் தலையை ஒட்டிவைத்தால் உள்ளே இருப்பவை சண்டை போடும்.

இங்கே தேடிப்போய்ப் பிடிக்க எதுவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் உங்களிடம் இருக்கும். பசித்தால் கறி ஊட்ட வேண்டும், தூங்கினால் விளக்கை அணைக்க வேண்டும், கழிவைத் துடைக்க வேண்டும், பயிற்சி கொடுக்க வேண்டும். அழைத்தபோது போகாமல் விட்டால் அது உங்கள் கணக்கில் ஒரு தவறாகப் பதிவாகும். அடுத்து அது என்னவாக உருமாறும் என்பதை அந்தத் தவறுகளின் எண்ணிக்கை தீர்மானிக்கும். கவனித்து வளர்த்த ஆகுமான், கிரேமான் என்ற கம்பீரமான டைனோசராகும். கவனிக்காமல் விட்டால் நூமேமான் என்ற வழுவழுப்பான நத்தை மாதிரி ஒன்று, தன் கழிவையே எதிரியின் மீது எறிந்து சண்டை போடும். வளர்த்த லட்சணம் தெருவுக்கே தெரிந்துவிடும். மேலும், டிஜிமான் செத்துப்போகும்.

போக்கிமானில் உருமாற்றம் ஏறக்குறைய நேர்கோடு. புழு கூடாகும், கூடு வண்ணத்துப்பூச்சியாகும். யார் வளர்த்தாலும் அப்படித்தான். டிஜிமானில் அது கிளை பிரியும் மரம். 1999-ல் சோனியின் பிளேஸ்டேஷன் கருவிக்கு வந்த டிஜிமான் வேர்ல்ட் இதை முழுமையாகக் காட்டியது. உங்கள் டிஜிமான் பின்னால் நடந்து வரும், கழிப்பறைக்கு அழைத்துப்போகாவிட்டால் நடந்த இடத்திலேயே இருந்துவிடும், சொன்ன பேச்சைக் கேட்காமல் சண்டையில் திணறும், ஆயுள் முடிந்து முட்டையாகும், அடுத்த பிறவி முந்தையதின் வலிமையில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு பிறக்கும். எரிச்சலூட்டும் கேம்தான். ஆனால் அதை ஆடியவர்களைக் கேட்டால், எந்த டிஜிமான் எந்தப் பிறவியில் எதனால் செத்தது என்று இன்றைக்கும் சொல்வார்கள்.

பிறகு வந்தது அனிமே, அதாவது ஜப்பானிய கார்ட்டூன் தொடர். 1999 மார்ச்சில் ஒளிபரப்பான டிஜிமான் அட்வெஞ்சரில் ஒரு குழந்தைக்கு ஒரு டிஜிமான், அதுவும் பேசும். போக்கிமான் தொடரின் முகமான பிக்காச்சு தன் பெயரையே திருப்பித் திருப்பிச் சொல்லும்போது, டிஜிமான்கள் குழந்தைகளோடு வாதாடின, பயந்தன, ஆறுதல் சொன்னன. சிறு வயதில் பார்த்தவர்கள் பெரியவர்களான பிறகும் அதே பாத்திரங்களின் பிற்காலக் கதையைத் திரைப்படங்களாக எடுக்க முடிந்ததற்கு ஒருவருக்கு ஒன்று என்ற இந்தப் பந்தம்தான் காரணம்.

அப்படியானால் டிஜிமான் ஏன் இரண்டாம் இடத்திலேயே நின்றது? பிராணிகள் குறைச்சல் இல்லை, கதையும் பலவீனம் இல்லை. கேம்களில் அது தன் வினைச்சொல்லைக் கைவிட்டுக்கொண்டே இருந்தது. டிஜிமான் வேர்ல்ட் முதல் பாகம் வளர்ப்பு கேம். இரண்டாம் பாகம் சுரங்கங்களில் அலையும் கேம். மூன்றாவது வழக்கமான சாகசக் கேம். நான்காவது வாளெடுத்து வெட்டும் அதிரடி கேம். முதலாவதை நேசித்தவர் நான்காவதைக் கையில் எடுத்தால் வீடு மாறி வந்துவிட்டோமோ என்று திகைப்பார். போக்கிமானோ அதே உருண்டையை முப்பது வருடமாக எறிகிறது. சலிப்பு என்று விமர்சகர்கள் சொல்வதைத்தான் வாங்குபவர்கள் நம்பிக்கை என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2015-ன் சைபர் ஸ்லூத்தும் 2025 அக்டோபரில் வந்த டைம் ஸ்ட்ரேஞ்சரும் கொஞ்சம் நிலைகொண்ட பாதைக்கு வந்திருக்கின்றன. எதிரிகளைச் சந்திக்கும் ஒவ்வொரு முறையும் அவற்றின் தரவு சிறிது சிறிதாகச் சேரும், 100 சதவீதம் ஆனதும் அதை உருவாக்கிக்கொள்ளலாம், பிடிக்காத கிளையில் ஏறிவிட்டால் கீழே இறங்கி வேறு கிளையில் ஏறலாம். வளர்ப்பின் தவறைத் திருத்திக்கொள்ள வழி கிடைத்துவிட்டது. நூமேமானின் பழைய பயம் அதனால் போய்விட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

பழகு: யோகாய் வாட்ச்

ஜப்பானுக்குள் போக்கிமானை உண்மையிலேயே மிரட்டிய தொடர் இதுதான். லெவல்-5 நிறுவனத்தின் முதல் கேம் 2013 ஜூலையில் வந்தது. 2014 ஜனவரியில் அனிமே தொடங்கியதும் தீப்பற்றிக்கொண்டது. பிராணிகளின் படம் பொறித்த பதக்கங்களுக்காகக் கடை வாசலில் பெற்றோர் வரிசையில் நின்றார்கள்.

யோகாய் என்பவை ஜப்பானிய நாட்டார் மரபில் வரும் பேய் பிசாசுகளும் விசித்திர உயிர்களும். அவற்றை எடுத்து அன்றாட எரிச்சல்களுக்குப் பொறுப்பாளியாக்கியது இந்தக் கேம். அப்பாவும் அம்மாவும் காரணமில்லாமல் சண்டை போடுகிறார்களா, பின்னால் ஒரு யோகாய். சொல்லக் கூடாத ரகசியம் வாய் தவறி வருகிறதா, அதற்கும் ஒன்று. சண்டையின் நடுவே அதற்குப் பிடித்த உணவைத் தூக்கிப்போடலாம். மனம் இளகினால், முடிவில் அதுவே வந்து சிநேகமாகித் தன் பதக்கத்தைக் கொடுக்கும். பிறகு கூப்பிட்டால் வரும். கூண்டும் கிடையாது, உருண்டையும் கிடையாது. தொடரின் முகமான ஜிபான்யான், லாரியில் அடிபட்டுச் செத்த பூனை. ஒரு லாரியையாவது முட்டி வீழ்த்திவிட வேண்டும் என்று அதே சாலைச் சந்திப்பில் தினமும் நிற்கிறது. சிரிக்க வைக்கும் பாத்திரம், ஆனால் அடியில் இருப்பது துக்கம்.

இந்த நெருக்கம்தான் அதன் வரம்பும் ஆனது. அமெரிக்காவுக்கு 2015 நவம்பரில் போனபோது பெயர்களை மாற்றினார்கள்; ஆனால் தெருமுனைக் கோயிலையும், பாட்டி கதையில் வந்த பேயையும் மாற்ற முடியவில்லை. போக்கிமானுக்கு வேரே கிடையாது, அதனால் எங்கேயும் முளைத்தது. யோகாய்க்கு வேர் ஆழம். ஜப்பானிலும் வருடந்தோறும் புதிய பதிப்பு, புதிய பதக்கம் என்று கறந்ததில் குழந்தைகள் சீக்கிரமே அலுத்துப்போனார்கள். 2019-ல் வந்த நான்காம் பாகம் ஜப்பானைத் தாண்டவே இல்லை.

கல: மெகாமி டென்செய், டிராகன் குவெஸ்ட் மான்ஸ்டர்ஸ்

மெகாமி டென்செய் வரிசையில் பேய்களோடு பேரம் பேச வேண்டும். காசு கேட்கும், கொடுத்தால் இன்னும் கேட்கும், உன் வாழ்க்கையின் அர்த்தம் என்ன என்று திடீரென்று கேள்வி போடும், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஓடியும் போகும். சேர்ந்தது நீடிக்கவும் நீடிக்காது. இரண்டைக் கலந்தால் புதிதாக ஒன்று பிறக்கும்; பழைய இரண்டும் மறையும், அவற்றின் திறமைகளில் சில மட்டும் அடுத்ததுக்கு இறங்கும். பாசம் வைத்தால் இங்கே பிழைக்க முடியாது. ஈர்ப்பு முழுக்க முழுக்கக் கணக்கில்.

நமக்குச் சுவாரசியமான விஷயம், அங்கே கலக்கப்படுவோரின் பட்டியல். உலகத்துப் புராணங்கள் எல்லாம் அதில் உண்டு. காளி, கருடன், விஷ்ணு, கணேசர் உட்பட. தொடரின் பல பாகங்களில் பாலித் தீவின் புராண உருவங்களான ரங்டாவையும் பாரோங்கையும் கலந்தால் சிவன் வருவார். தேவர்களையும் பேய்களையும் ஒரே சொல்லால் அழைக்கும் அந்தக் கேமைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கலாம். பேரம் முடிந்து அவர்கள் அணியில் சேரும்போது பேசுகிற பேச்சு அதைவிட வினோதமாக இருக்கும்.

1998-ல் கிளைத்த டிராகன் குவெஸ்ட் மான்ஸ்டர்ஸ் அதே கலப்பைக் குழந்தைகளுக்கு ஏற்ப மென்மையாக்கியது. இரண்டு மான்ஸ்டர்கள் ஜோடி சேர்ந்து முட்டை வைக்கும், பெற்றோர் விடைபெற்றுப் போய்விடும். 1997-ல் டெக்மோ வெளியிட்ட மான்ஸ்டர் ராஞ்சர் இன்னும் விசித்திரம். வீட்டில் கிடக்கும் எந்தப் பாட்டு சி.டி.யையும் பிளேஸ்டேஷனுக்குள் போட்டால் அந்தத் தட்டின் தரவிலிருந்து ஒரு மான்ஸ்டர் பிறக்கும். அக்காவின் சி.டி. அலமாரியே காடு. சி.டி. போனதோடு அந்தக் காடும் போயிற்று. 2021 மறுவெளியீட்டில் ஆல்பத்தின் பெயரைத் தட்டச்சு செய்து தேட வேண்டியிருக்கிறது.

வேலை வாங்கு: பால்வேர்ல்ட்

ஆறு நாளில் 80 லட்சம் பிரதிகள், ஒரு மாதத்தில் 2.5 கோடி ஆட்டக்காரர்கள். பால்வேர்ல்டின் இந்த வேகத்தை வெறும் சாயலால் விளக்க முடியாது. சாயல் கூட்டத்தைக் கூட்டியது, அவ்வளவுதான். கூட்டத்தை நிற்க வைத்தது வேறொரு வினை.

பிடித்த பிராணிகளை முகாமில் விட்டால் அவை உழைக்கும். நெருப்பு நரி அடுப்பை எரிக்கும், நீர்ப் பிராணி வயலுக்குப் பாய்ச்சும், ஒன்று மரம் வெட்டும், ஒன்று கல் உடைக்கும். உங்கள் தொழிற்சாலை தானாக ஓடும். ஓய்வும் சோறும் குறைந்தால் அவற்றின் மனநிலை அளவு இறங்கும், நோய்வாய்ப்படும். பசி தாங்காவிட்டால் வெட்டுக்கத்தியை எடுத்து லாம்பால் என்ற அந்தப் பஞ்சுப்பொதிச் செம்மறியாட்டையே இறைச்சியாக்கலாம். வெட்டும் காட்சியைத் திரை மங்கலாக்கி மறைக்கும். துப்பாக்கியும் உண்டு.

போக்கிமான் பெரும்பாலும் தவிர்த்த கேள்வியை இது வெளிப்படையாக எடுத்துக்கொண்டது: அடைத்து வைத்துச் சண்டை போட வைப்பது நட்பா? நட்பு இல்லை, உழைப்புச் சுரண்டல், சிரித்துக்கொண்டே செய்யுங்கள் என்கிறது பால்வேர்ல்ட். நையாண்டி என்று முழுதாக ஏற்கவும் முடியாது, ஏனென்றால் சுரண்டினால் லாபம் வருமாறுதான் கேம் அமைந்திருக்கிறது. ஆனால் போக்கிமானோடு வளர்ந்து இப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்களுக்கு அந்தச் சிரிப்பு சரியாகப் பட்டது.

சாயலுக்கு ஏன் வழக்கு இல்லை?

தமிழில் பதிப்புரிமை, காப்புரிமை என்ற இரண்டு சொற்களும் அடிக்கடி கலந்து புழங்குவதால் முதலில் பிரித்துக்கொள்வோம்.

1. பதிப்புரிமை என்பது ஒரு படைப்பின் குறிப்பிட்ட வெளிப்பாட்டுக்கு. மின்சாரம் பாய்ச்சும் மஞ்சள் எலி என்பது யோசனை. அது யாருக்கும் சொந்தமில்லை. பிக்காச்சு என்ற வரைந்த உருவம் சொந்தம். உருவத்தை அப்படியே எடுத்தவர் மாட்டுவார். பிக்காச்சுவையே பயன்படுத்திய ஒரு சீன மொபைல் கேமுக்கு எதிராக ஷென்சென் நீதிமன்றம் 2024-ல் 10.7 கோடி யுவான் இழப்பீடு விதித்தது அப்படித்தான். பாணி ஒத்திருக்கிறது என்பது மட்டும் போதாது.

2. காப்புரிமை என்பது ஒரு செயல்முறைக்கு. அது புதியதாகவும், அந்தத் துறையில் உள்ளவருக்கு எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். பெற்றுவிட்டால், முகம் எப்படி இருந்தாலும், அதே செயல்முறையைப் பயன்படுத்துபவரைத் தடுக்கலாம்.

நிண்டெண்டோ முன்வைத்த மூன்று காப்புரிமைகளும் பதிவானது 2024-ல், அதாவது பால்வேர்ல்ட் வந்த பிறகு. இது எப்படிச் செல்லும்? அவை 2021 டிசம்பரில் தாக்கல் செய்த மூல விண்ணப்பத்திலிருந்து பிரித்து எடுத்தவை. சட்டம் அந்தப் பழைய தேதியைத்தான் பார்க்கும். 2022 ஜனவரியில் வெளியான போக்கிமான் லெஜெண்ட்ஸ் ஆர்சியஸ் கேமில், திறந்த வெளியில் குறிபார்த்து உருண்டை எறியும் முறை வந்தது. அதற்காகத் தாக்கல் செய்த விண்ணப்பம் அது. எதிராளியின் கேமைப் பார்த்த பிறகு அதற்குப் பொருந்துமாறு பழைய துணியிலிருந்து புதிதாக ஒரு சட்டையை வெட்டித் தைத்தது போன்ற வேலை. சட்டப்படி தவறில்லை. அதைப் பார்த்து எரிச்சல் வருவதிலும் தவறில்லை.

கேட்ட இழப்பீடு இரண்டு நிறுவனங்களுக்கும் தலா 50 லட்சம் யென், கூடவே தாமதக் கட்டணம். நிண்டெண்டோவின் அளவுக்கு இது டீக்காசு. முக்கியமானது கேமுக்குக் கேட்ட தடை.

மறுபக்கமும் நகர்கிறது. பிராணியை வரவழைத்துச் சண்டையிட வைப்பது தொடர்பாக நிண்டெண்டோவுக்கு 2025 செப்டம்பரில் கிடைத்த ஓர் அமெரிக்கக் காப்புரிமையை மறுஆய்வு செய்ய அந்நாட்டுக் காப்புரிமை அலுவலகத்தின் தலைவரே நவம்பரில் உத்தரவிட்டார். அதற்கு முந்தைய மாதம், வழக்கில் உள்ளவற்றோடு உறவுடைய இன்னொரு விண்ணப்பத்தை ஜப்பான் காப்புரிமை அலுவலகம் புதுமை போதாது என்று ஏற்க மறுத்தது. முன்பே இருந்த எடுத்துக்காட்டுகளாக அது காட்டியவற்றில் ஆர்க் என்ற கேமும், பாக்கெட்பேரின் முந்தைய கேமான கிராஃப்டோபியாவும், போக்கிமானின் மொபைல் கேமான போக்கிமான் கோவும் உண்டு. இது இறுதி முடிவு அல்ல, வாதிடலாம். ஆனாலும் போக்கிமானுக்கு எதிராகப் போக்கிமானே சாட்சி.

சிறிய தயாரிப்பாளர்கள் என்ன செய்கிறார்கள்?

பெரிய நிறுவனம் ஒரு வினைச்சொல்லுக்கு வேலி போட்டால் மற்றவர்களுக்கு வழி இரண்டு. வேலியை ஒட்டி நடப்பது ஒன்று. ஸ்பெயினிலிருந்து 2020-ல் வந்த டெம்டெம், உருண்டைக்குப் பதில் அட்டையை எறிய வைத்தது. மற்றபடி பெருமளவு போக்கிமானின் அச்சு. தொடக்கத்தில் திரண்ட கூட்டம் நிலைக்கவில்லை. வேறு வினை தேடுவது மற்றொன்று. 2023-ல் வந்த கேசட் பீஸ்ட்ஸில் எதிரில் நிற்கும் பிராணியைப் பிடிப்பதே இல்லை, பழைய கேசட்டில் பதிவு செய்கிறீர்கள். சண்டையில் கேசட்டைப் போட்டதும் நீங்களே அந்தப் பிராணியாக மாறுகிறீர்கள். எந்த இரண்டையும் இணைக்கலாம். சிறிய குழுவின் கேம், இந்த வகையில் சமீபத்தில் வந்த உருப்படியான புதுயோசனை என்று தயங்காமல் சொல்வேன்.

பால்வேர்ல்ட் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி: கையசைவை மாற்றிக்கொள்வது. 2024 நவம்பர் மேம்படுத்தலுக்குப் பிறகு, அணியில் உள்ள பிராணியை வரவழைக்க உருண்டையை எறிய வேண்டியதில்லை. அழைத்தால் பக்கத்திலேயே தோன்றி நிற்கும். 2025 மே மாதம் முதல், பிராணியைப் பிடித்துத் தொங்கியபடி மிதக்கவும் முடியாது. ஆட்டக்காரரே ஒரு கிளைடரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டு மாற்றங்களுக்கும் வழக்குதான் காரணம் என்று பாக்கெட்பேர் வெளிப்படையாகச் சொன்னது. புதிதாக ஒன்றைப் பிடிக்கும்போது மட்டும் ஆட்டக்காரர் பழையபடி குறிபார்த்து உருண்டையை எறிகிறார்.